மேல்மலைச் சுனைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

ஜனவரி மாத விடிகாலையில் எடுத்த ஒரு படம் வருஷா வருஷம் போனில் சுற்றும். பாறை இடுக்கில் சின்னக் குட்டை, சுற்றியிருக்கும் புல்லில் வெள்ளையாக உறைபனி, தண்ணீருக்கு மேலே ஆவி. படத்துக்குக் கீழே "கொடைக்கானல் பக்கம் ரகசிய வெந்நீர் ஊற்று" என்று ஒரு வரி. அடுத்த வாரமே மதுரையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ ஒரு கார் வந்து, கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் பூம்பாறை டீக்கடை முன்னால் நிற்கும். "அண்ணே, அந்த ஹாட் ஸ்பிரிங் எந்தப் பக்கம்?" டீ ஆற்றுகிறவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இங்க வெந்நீர் வேணும்னா அடுப்புலதான் வைக்கணும் தம்பி" என்பார்.

கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் வெந்நீர் ஊற்று கிடையாது. வெந்நீர் ஊற்று வேண்டும் என்றால் இமாசலத்தில் மணிகரண் இருக்கிறது. அங்கே அரிசியைத் துணியில் முடிந்து ஊற்றில் இறக்கினால் சோறாகிவிடும். திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. அங்கெல்லாம் மழைநீர் நிலத்தின் வெடிப்பு வழியாக வெகு ஆழத்துக்கு இறங்கி, சூடாகி, வேகமாக மேலே வந்துவிடுகிறது. நம் மலையில் தண்ணீர் அவ்வளவு தூரம் இறங்குவதில்லை. புல்வெளியிலும் சோலையிலும் விழுந்த மழை, மேல்மண்ணையும் பொடிந்த பாறையையும் தாண்டி, அடியில் இருக்கும் கெட்டிப் பாறையில் முட்டிக்கொண்டு, சரிவில் எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே கசிந்து வருகிறது. அதுதான் சுனை.

அப்படியானால் அந்த ஆவி? இப்படி மண்ணுக்குள் ஊறிவரும் தண்ணீர் அந்த இடத்தின் வருஷச் சராசரிக் குளிரை ஒட்டியே இருக்கும். 2,000 மீட்டர் உயரத்தில் அது சுமார் 15 டிகிரி. கோடைக்கும் பனிக்காலத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஜனவரியில் பள்ளத்தாக்குப் புல்லில் பனி உறைந்து கிடக்கும் நேரத்தில், 15 டிகிரித் தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பாகவே தெரியும், ஆவியும் விடும். வெயில் ஏறி ஒன்பது மணி ஆனதும் அதே தண்ணீரில் கால் வைத்தால் குதிகால் வலிக்கும். படம் பொய்யில்லை, கீழே எழுதியதுதான் பொய்.

வெந்நீர் இல்லை என்பதற்காகச் சுனை பார்க்க வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வாருங்கள். ஆனால் வருவதற்கு ஒரு முறை இருக்கிறது. முக்கால்வாசிச் சுனைகள் யாரோ ஒருவருடைய குடிதண்ணீர். அதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

போகலாமா என்று கேட்பது

முதல் வேலை மேப்பைத் திறப்பது இல்லை, ஆளைக் கேட்பது. கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. 600 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரப்பு. ஊரை விட்டு ஒரு கிலோமீட்டர் நடந்தாலே பெரும்பாலும் அதற்குள் இருப்பீர்கள். அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம். "லோக்கல் பையன் கூட்டிட்டுப் போறான்" என்பது அனுமதி ஆகாது. மாட்டினால் பையனும் சேர்ந்து மாட்டுவான், அவன் வீட்டுக்குத்தான் நிஜமான கஷ்டம்.

2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் மாநிலம் முழுக்க 40 தடங்களைத் திறந்தது. இணையத்தில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போகலாம். புதிதாக வருகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: முதல் தடவை அப்படிப் போங்கள். வழியில் சுனையும் ஓடையும் கட்டாயம் வரும். எங்கே காலை நனைக்கலாம், எங்கே கூடாது என்று கூட வருகிறவர் சொல்லிவிடுவார். பேரிஜம் ஏரிப் பக்கம் போவதென்றால் கொடைக்கானலிலேயே வனத்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று கணக்கு உண்டு, அதனால் காலையிலேயே போய்விடுங்கள். அந்த ஏரித் தண்ணீர் மலைக்குக் கீழே பெரியகுளத்தில் குழாய்த் தண்ணீராக வருவது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்கு வருவதற்கே இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. அரசுப் பேருந்தில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. வத்தலக்குண்டிலிருந்தும் பழனியிலிருந்தும் பேருந்து இருக்கிறது. கொடைக்கானலில் இறங்கி மன்னவனூர், கிளாவரை போகும் வண்டியில் ஏறினால் மேல்மலை ஊர்கள் எல்லாவற்றையும் தொட்டுவிடலாம். ஜன்னலோரம் கிடைத்தால் காரில் வந்தவர்களை விட நீங்கள் அதிகம் பார்ப்பீர்கள், இதை நான் அடித்துச் சொல்வேன்.

சில சுனைகள் காட்டுக்குள் இல்லை, ஊருக்கும் வயலுக்கும் நடுவில் இருக்கும். அங்கே கேட்க வேண்டியது ஊர்க்காரர்களை. டீக்கடையில் உட்கார்ந்து, டீ குடித்து முடித்துவிட்டு, "அந்தச் சுனைப் பக்கம் போகலாமாங்க?" என்று கேட்டால் போதும். "போங்க, ஆனா மேல தொட்டிக்குப் போகாதீங்க" என்பார்கள். "இப்ப வேணாம், திருவிழா கொடியேத்தியாச்சு" என்றும் சொல்லலாம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காரணம் கேட்டு வாதம் செய்யாதீர்கள். பளியர் பழங்குடியினர் குடியிருப்புப் பக்கம் என்றால் இன்னும் நிதானம் தேவை. அவர்கள் வீட்டு வாசலில் போனை நீட்டுவதற்கு முன்னால் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.

கறுப்பு ஓஸ்

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மேல்மலையில் எந்த ஒற்றையடிப் பாதையில் நடந்தாலும் காலடியில் கறுப்பு ஓஸ் ஒன்று கூடவே வரும். கட்டைவிரல் கனம். சில இடத்தில் மண்ணுக்குள் புதைந்திருக்கும், சில இடத்தில் மரக்கிளையில் தொங்கும், ஒட்டுப் போட்ட இடத்தில் சைக்கிள் டியூப் கிழித்துச் சுற்றியிருக்கும், அங்கே ஊசி மாதிரி தண்ணீர் பீய்ச்சும். அதைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் சுனையில் கொண்டுபோய் விடும். சுனையில் ஓஸின் வாய் தண்ணீருக்குள் இருக்கும். இலை, தவளைக்குஞ்சு எதுவும் உள்ளே போகாமல் இருக்கப் பழைய கொசுவலைத் துணியை மூன்று மடிப்பாக மடித்துக் கட்டியிருப்பார்கள். ஓஸ் நழுவாமல் இருக்க மேலே ஒரு தட்டைக்கல். சுற்றிலும் நாலைந்து கல்லை வைத்து, இடுக்கில் மண்ணும் புல்லும் அடைத்து, ஒரு சின்ன அணை. பார்த்தால் யாரோ குழந்தைகள் விளையாடிவிட்டுப் போனது மாதிரி இருக்கும். அதுதான் கீழே ஐந்தாறு வீட்டுக்குத் தண்ணீர்த் திட்டம்.

இருபது வருஷத்துக்கு முன்னால் நானும் இரண்டு நண்பர்களும் இப்படி ஒரு சுனைக்குப் போனோம். உட்கார வசதியாக இல்லை என்று அந்தத் தட்டைக்கல்லை எடுத்து அந்தப் பக்கம் போட்டோம். கால் நீட்ட இடம் வேண்டுமென்று அணைக்கல் இரண்டை நகர்த்தினோம். ஆளுக்கு ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட் கொண்டுபோயிருந்தோம், அதையும் போட்டுக் குளித்தோம். பாட்டு வேறு. சாயங்காலம் இறங்கி வரும்போது முதல் வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி குடத்தை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்ப்பா, மேல தலைக்கு ஊத்திக்கிட்டீங்களா?"

"ஆமா பாட்டி, தண்ணி சும்மா ஜில்லுன்னு..."

"அதான். கொழாயில நுர வந்துச்சு. அப்பறம் செம்மண்ணா வந்துச்சு. இப்ப ஒண்ணும் வரல."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நண்பர்களில் ஒருவன் நூறு ரூபாய் நோட்டை எடுத்தான், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டார்ச்சை வாங்கிக்கொண்டு நான் மட்டும் அந்த வீட்டுப் பையனோடு திரும்ப ஏறினேன். ஓஸ் வாயைத் தூக்கி உதறி, உள்ளே அடைத்திருந்த காற்றை வாயால் உறிஞ்சி எடுத்து, கல்லைப் பழைய இடத்தில் வைத்து, தண்ணீர் கீழே இறங்கும் சத்தம் கேட்டபோது ஏழரை மணி. அன்றைக்குக் கற்றதுதான் இந்தக் கட்டுரையில் பாதி.

அதனால்: ஓஸை மிதிக்காதீர்கள், பிடித்து ஏறாதீர்கள். சுனையில் ஒரு கல்லையும் நகர்த்தாதீர்கள். அழகுக்காகக் கல்மேல் கல் அடுக்கிப் படம் எடுப்பதும் வேண்டாம், அந்தக் கல்லுக்கு அடியில்தான் தவளையும் பூச்சியும் முட்டையிட்டிருக்கும். ஓஸ் வாய் இருக்கும் குட்டையில் கையைக்கூட விடவேண்டாம். காலை நனைக்க ஆசையாக இருந்தால், ஓஸ் வாய்க்குக் கீழே, தண்ணீர் வழிந்து ஓடைக்குப் போகும் இடத்துக்கு வாருங்கள். வாய்க்கு மேலே எது செய்தாலும் அது யாரோ ஒருவர் வீட்டுக் குடத்துக்குள் செய்வது.

எப்போது வருவது

பழனி மலைக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை அடிக்கும். மழை ஓயும் வரை சுனைப் பக்கம் வராதீர்கள். பாதை வழுக்கும், மண் சரியும், அட்டை பிய்த்து எடுக்கும். பிப்ரவரி பாதிக்கு மேல் கோடை மழை இறங்கும் வரை காட்டுத்தீ பயம், பல தடங்களை மூடிவிடுவார்கள். ஏப்ரல், மே கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சுனையும் அப்போதுதான் நூலாக ஒழுகும், ஊர்க்காரர்களுக்கே போதாது. எனக்குப் பிடித்தது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை. மழை ஓய்ந்து சுனை நிறைந்திருக்கும், வானம் சுத்தமாக இருக்கும். குளிர் எலும்பைத் தொடும், அதற்கு ஸ்வெட்டர் இருக்கிறது.

நேரம் முக்கியம். காலை ஏழு, எட்டு மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிடும். பத்தடி முன்னால் போகிறவர் சட்டை நிறம் தெரியாது. மதியம் இரண்டு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும், இன்னும் அரை மணி நேரத்தில் சுனை வந்துவிடும் என்று தோன்றினாலும். சூரியன் மறைவது ஆறு மணிக்கு என்றாலும் சோலைக்குள் நாலரைக்கே இருட்டத் தொடங்கிவிடும்.

பையில்

எவர்சில்வர் பாட்டிலில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். பிளாஸ்டிக் பாட்டில் மலைக்கே கொண்டுவராதீர்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலம் முழுக்க 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, மலையில் சோதனையும் கடுமை. சாப்பாடு டப்பாவில். புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல் இருந்தால் ராஜ உணவு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்து மலை வாழைப்பழம் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கனமான தோல், பையில் நசுங்காது. ஆனால் தோலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். "மக்கிடும்ல" என்பார்கள். இந்தக் குளிரில் லேசில் மக்காது. அதற்குள் குரங்கு ருசி கண்டுவிடும், அடுத்து வருகிறவர் பையைப் பிடுங்கும்.

டார்ச், மழைக்கோட்டு, மாற்றுச் சட்டை ஒன்று, காலுறை இரண்டு ஜோடி, ஒரு துண்டு, குப்பைக்கென்று ஒரு துணிப்பை. காயத்துக்குப் பஞ்சும் கட்டுத்துணியும். சோப்பு, ஷாம்பு, சன்ஸ்கிரீன், தலைக்கு எண்ணெய் எதுவும் வேண்டாம். 'இயற்கை சோப்பு' என்று போட்டிருந்தாலும் தவளைக்குஞ்சுக்கு அது சோப்புதான். ஸ்பீக்கரை அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். சாராய பாட்டிலைப் பற்றி ஒரே வார்த்தை: உடைந்த கண்ணாடி யானையின் காலில் ஏறினால் அதை எடுக்க ஆளில்லை. காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தரும் ஏற்பாடு 2022இல் நீலகிரியில்தான் முதலில் வந்தது, ஏன் என்று இப்போது புரியும்.

எங்கே போகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று தங்கும் இடத்திலோ டீக்கடையிலோ சொல்லிவிட்டுப் போங்கள். பள்ளத்தில் இறங்கியதும் போனில் கோடு போய்விடும். 108க்கு அழைப்பதற்கே மேடேறி வரவேண்டியிருக்கும்.

வழியில்

நாலு பேர், மிஞ்சினால் ஆறு பேர். அதற்கு மேல் போனால் அது ஊர்வலம். பாதை இருக்கும்போது பாதையில் நடங்கள். புல்வெளியில் குறுக்கே இறங்கினால் அந்தத் தடம் அடுத்த மழையில் வாய்க்கால் ஆகிறது, அப்புறம் அந்த மண்ணெல்லாம் சுனைக்குத்தான் போகும். நம் மலைப் புல்வெளியில் பாதியை ஏற்கெனவே வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரமும் தைல மரமும் தின்றுவிட்டன. மிச்சம் இருக்கும் புல்தான் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து மெதுவாக விடுகிறது.

அட்டைக்கு உப்பு கொண்டுபோகிறவர்கள் உண்டு. கடித்த இடத்தில் உப்பைக் கொட்டினால் அட்டை சுருண்டு விழும், ஆனால் உள்ளே இருப்பதைக் கக்கிவிட்டுத்தான் விழும். நகத்தை அதன் வாய்ப் பக்கம் வைத்து மெல்லத் தள்ளினால் தானாக விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்படாதீர்கள், தண்ணீரில் கழுவி அழுத்திப் பிடித்தால் போதும். இங்கே பழைய ஆட்கள் புகையிலையை ஊறவைத்த தண்ணீரில் காலுறையை நனைத்துக் காயவைத்துப் போட்டுக்கொள்வார்கள். வேலை செய்கிறது. அந்தக் காலுறையோடு சுனையில் இறங்காமல் இருந்தால் சரி.

காட்டு மாட்டைப் பற்றித்தான் எல்லோரும் அசட்டையாக இருக்கிறார்கள். கொடைக்கானல் டவுனுக்குள்ளேயே நடமாடுவதால் வீட்டு மாடு என்று நினைப்பு. பெரிய காளை ஆயிரம் கிலோவுக்குப் பக்கம் வரும். தூரத்தில் பார்த்தால் நின்றுவிடுங்கள். அது போகவேண்டிய பக்கத்தை மறிக்காதீர்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகாதீர்கள். தனியாக நிற்கும் காளை என்றால் சத்தமில்லாமல் பின்வாங்கி, பெரிய மரத்துக்குப் பின்னால் ஒதுங்குங்கள். சுனை அதற்கும் தண்ணீர்த்தொட்டி. விடிகாலையும் சாயங்காலமும் அதன் நேரம், கடமானும் கேளையாடும் அப்போதுதான் வரும். அந்த நேரத்தில் சுனையில் உட்கார்ந்திருப்பது இன்னொருவர் பந்தியில் போய் உட்காருவது மாதிரி. கீழ்மலைப் பக்கம், பேத்துப்பாறை, அஞ்சுவீடு போகிறவர்கள் யானை நடமாட்டத்தை விசாரிக்காமல் ஓடைப் பக்கம் அடியெடுத்து வைக்கக்கூடாது. புதிதாகப் போட்ட சாணி, ஒடிந்த மூங்கில், புளித்த வாடை எது வந்தாலும் அப்படியே திரும்பிவிடுங்கள்.

வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி இறங்குகிறவர்களுக்கு ஒன்று: அந்த ஊருக்குள் செருப்புப் போடுவதில்லை. ஊர் எல்லையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சுனையிலும் அப்படித்தான். கரையில் மஞ்சள் பூசிய ஏழு சின்னக் கற்கள் வரிசையாக நட்டிருந்தால் அது கன்னிமார். பெஞ்சு என்று நினைத்து ஒருவர் பையை அதன்மேல் வைத்ததைப் பார்த்திருக்கிறேன். செருப்பைத் தள்ளி விட்டு, அந்தப் பக்கம் காலை நீட்டாமல் உட்காருங்கள்.

தண்ணீரில்

வெந்நீர் ஊற்று என்றால் இறங்கி அரை மணி நேரம் ஊறலாம். இங்கே கணக்கே வேறு. குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு தன்னையறியாமல் ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர்தான். நீச்சல் தெரிந்தவர்களும் இப்படி மூழ்கிப்போவதுண்டு. அதனால் குதிக்கவே கூடாது. முதலில் கால், அப்புறம் முழங்கால், கையால் அள்ளி நெஞ்சிலும் பிடரியிலும் தெளித்துக்கொண்டு, மூச்சு சீராகும் வரை நில்லுங்கள். ஐந்து நிமிஷம் போதும். விரல் மரத்துப்போவதற்கு முன்னால் வெளியே வந்து துடைத்து, காய்ந்த சட்டை போடுங்கள். இதயக் கோளாறு, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதுவே பெரிய சுகம்.

ஓடையில் பாறை குடைந்து உண்டான குழிகளைக் கும்பக்கரைப் பக்கம் 'கஜம்' என்பார்கள். யானை கஜம், உரல் கஜம், பாம்பு கஜம் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தது அழகுக்காக இல்லை. மேலே மூன்றடி அகலம் தெரியும், உள்ளே எவ்வளவு ஆழம், பக்கவாட்டில் எங்கே போகிறது என்று தெரியாது. ஈரப்பாறையில் கறுப்பாகப் பளபளக்கும் இடம் பாசி. அதில் வெறுங்கால், ஷூ எதுவும் நிற்காது. உட்கார்ந்து நகர்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அப்புறம், காட்டாற்று வெள்ளம். உங்கள் தலைக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், இரண்டு மலை தள்ளிப் பெய்த மழை ஓடையில் இறங்கிக்கொண்டிருக்கும். கொடைக்கானலில், வட்டக்கானலில் மழை என்றால் கீழே கும்பக்கரையில் குளிப்பதை நிறுத்திவிடுகிறார்கள், அதற்குக் காரணம் இதுதான். தெளிந்த தண்ணீர் திடீரென்று டீ நிறத்துக்கு மாறினால், சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தால், மண் வாடை தூக்கினால், மேலே லாரி வருவது போல ஒரு உறுமல் கேட்டால், செருப்பு, பை, போன் எதையும் தேடாமல் பக்கவாட்டில் மேடேறுங்கள். ஓடையோடு கீழே ஓடாதீர்கள், தண்ணீர் உங்களை விட வேகமாக ஓடும்.

சுனைத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். நான் குடித்து வளர்ந்தவன், அதனால் என் பதில் செல்லாது. மேலே காட்டு மாடு என்ன செய்துவிட்டுப் போனது என்று கண்ணாடி போன்ற தண்ணீர் சொல்லாது. எலிக்காய்ச்சல் இப்படியும் வரும். கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் தளதளவென்று மூன்று நிமிஷமாவது கொதிக்க விட வேண்டும். காட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் இது அறைக்குத் திரும்பிய பிறகு செய்யும் காரியம். வழிக்குக் கையில் கொண்டுபோனதுதான்.

வயிற்றைக் கலக்கினால் என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். சுனையிலிருந்தும் ஓடையிலிருந்தும் பாதையிலிருந்தும் எழுபது எட்டு எண்ணித் தள்ளிப் போங்கள். சாண் ஆழத்துக்குக் குச்சியால் குழி தோண்டி, முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடுங்கள். டிஷ்யூ, நாப்கின் எதுவும் அங்கே புதைக்காதீர்கள், பன்றி தோண்டி எடுத்துவிடும். பையில்தான் கொண்டுவர வேண்டும். சிறுநீரும் அதே எழுபது எட்டு தள்ளித்தான்.

மழைக்குப் பிறகு பாதையோரம் காளான் நிற்கும். சிலர் அதற்காகவே வருகிறார்கள். போதை தரும் காளானைத் தேடித்தான். போலீஸ் வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், விஷக் காளான் பக்கத்திலேயே அதே நிறத்தில் நிற்கும். தொடவே தொடாதீர்கள்.

திரும்பும்போது

எழுந்து வருவதற்கு முன்னால் சுனையை ஒருமுறை பாருங்கள். ஓஸ் வாய் தண்ணீருக்குள் இருக்கிறதா, துணிக்கட்டு அவிழவில்லையா, கல் வைத்த இடத்தில் இருக்கிறதா. முன்னால் வந்தவர்கள் போட்ட சிப்ஸ் கவர் இரண்டு கிடந்தால் அதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கீழே வந்ததும் டீக்கடையில் "வந்துட்டோம்" என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் இருட்டில் உங்களைத் தேடி ஆள் கிளம்பும். ஓஸில் ஒட்டு விட்டுத் தண்ணீர் பீய்ச்சும் இடத்தைப் பார்த்திருந்தால் அதையும் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்கள். அடுத்த டீக்குக் காசு வாங்கமாட்டார்கள் என்று உறுதி தரமுடியாது.

படம் போடுவது உங்கள் இஷ்டம். இடத்தின் பெயரையும் வழியையும் போடாதீர்கள். 'பழனி மலை' என்று போட்டால் போதும். நாலு பேர் பார்த்த சுனைக்கு நானூறு பேர் வந்தால் முதலில் காணாமல் போவது அந்தத் தட்டைக்கல்தான்.

அறைக்கு வந்ததும் துணியைக் கட்டிலில் போடாமல் தனியாக வைத்துச் சுடுதண்ணீரில் துவையுங்கள். அக்குள், இடுப்பு மடிப்பு, முழங்கால் பின்புறம், காதுக்குப் பின்னால் உண்ணி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஊருக்குப் போய் ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கடுமையான தலைவலியும் வந்தால், உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டது போல வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல் அப்படித்தான் அடையாளம் காட்டும், சிலருக்குப் பொருக்கு இல்லாமலும் வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே சரியாகிவிடும். டாக்டரிடம் "சளி, காய்ச்சல்" என்று மட்டும் சொல்லாமல், "கொடைக்கானல் மேல்மலையில் காட்டுக்குள் நடந்தேன், இந்தத் தேதியில்" என்று சொல்லுங்கள்.